மறு: ஆம்ப்ளிஃபையர் ‘கிளிப்பிங்’ – ‘தலைதட்டல்’ எனலாமா?

வணக்கம்.

ஸ்பீக்கருக்கேற்ற பவர் ஆம்ப்ளிஃபையரைத் தேர்வதுபற்றிய கட்டுரைக்கு ‘கிளிப்பிங்’ என்பதற்கு, அதாவது ஆம்ப்ளிஃபையரால் தர முடிந்ததற்கு மேல் கேட்கும்போது ஒலியலையின் முனைகள் தட்டையாகிவிடுவதற்கு, ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். வந்தவற்றில் ‘சிதைவு’ எல்லா வகைக் கெடுதலுக்கும் பொது. ‘வெட்டல்’ ஒலித்தொகுப்பில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ‘மழுங்கல்’ நல்ல சொல்தான்; ஆனால் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரில் அலையின் முனை மெல்ல உருண்டுபோகிறதே, அதற்கு அதை வைத்துக்கொள்வோம்.

நான் முன்வைப்பது ‘தலைதட்டல்’. படியின் விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும் தானியத்தை வழித்துவிட்டு அளப்பதைத் தலைதட்டி அளப்பது என்கிறோம். மின்னலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில், சீராக வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையை விட்டு வால்யூமைக் கூட்டிப் பாருங்கள். முகடுகள் உயர்ந்துகொண்டே போகும். ஓரிடத்துக்கு மேல் உயராது, உச்சி மட்டும் கோடு போட்டாற்போலத் தட்டையாகிவிடும். மின்வழங்கி தரும் வோல்ட்டேஜ்தான் அந்த விளிம்பு. 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபையரில் முகடு ஏறக்குறைய 28 வோல்ட்வரை போகலாம். அதற்குமேல் கேட்டால் கிடைக்காது.

> அலையின் பள்ளமும்தானே தட்டையாகிறது? அதற்குத் தலை ஏது?

தமிழில் தலை என்பது உச்சி மட்டுமல்ல, நுனியும்தான். இருதலைக் கொள்ளி என்கிறோமே. நேர்முனையும் எதிர்முனையும் இரண்டு தலைகள், இரண்டும் தட்டப்படுகின்றன.

> சின்ன ஆம்ப்ளிஃபையர்தான் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். அதில் இந்தச் சிக்கல் எங்கே வந்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் நல்ல சொல் வேண்டும் என்று மன்றாடுகிறேன். சராசரியாக 4 வாட்டில் ஓடும் பாட்டில் முரசு அடி ஒன்று 15 டெசிபல், அதாவது ஆற்றலில் ஏறக்குறைய 32 மடங்கு, மேலே எழுந்தால், அந்தக் கணத்துக்கு 125 வாட்டுக்கு மேல் தேவை. 50 வாட் ஆம்ப்ளிஃபையர் அங்கே தலைதட்டிவிடும். தட்டையான அலையில் புதிதாக மேற்சுரங்கள் பிறக்கின்றன: 1,000 ஹெர்ட்ஸ் அலை இரு பக்கமும் சமமாகத் தட்டப்பட்டால் 3,000, 5,000 ஹெர்ட்ஸிலும் ஒலி வரும். அதோடு, மேலும் வால்யூமைக் கூட்டும்போது தாழ்ந்த சுருதி ஒலிகள் விளிம்பில் முட்டி நின்றுவிட, உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இரண்டும் போய்ச் சேருவது உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரில்தான். அதன் மெல்லிய கம்பிச்சுருள் சூடேறிக் கருகுகிறது. வாங்கியவர் ‘50 வாட்தானே’ என்று நம்பியிருப்பார். முழுக்கச் சதுரமாகிவிட்ட அலையோ அதே உயரமுள்ள சைன் அலையைப்போல இரு மடங்கு ஆற்றல் கொண்டது. ‘சிதைவு’ என்று எழுதினால் காதுக்கு ஆகாது என்றுமட்டும் புரியும். ‘தலைதட்டல்’ என்றால் எதற்கோ இடம் போதவில்லை என்ற காரணமும் கூடவே வந்துவிடுகிறது.

ஓம் கணக்கையும் இந்தச் சொல்லால் விளக்க முடிகிறது. 8 ஓமுக்கு 50 வாட் என்றால் ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) கணக்கில் 20 வோல்ட், 2.5 ஆம்பியர்; முன்பு சொன்ன 28 வோல்ட் இதே அலையின் முகடு. அதே 20 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும். மின்வழங்கி ஈடுகொடுத்தால் 100 வாட் கிடைக்க வேண்டும். விவரத்தாளில் 4 ஓமுக்கு 70 வாட் என்று போட்டிருந்தால் வோல்ட்டேஜ் 17-க்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அதாவது விளிம்பே தாழ்ந்துவிட்டது, முன்பைவிடச் சீக்கிரம் தலைதட்டும். ஸ்பீக்கரின் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதுமில்லை. 8 ஓம் என்று அச்சிட்டிருப்பது 6.4 வரை இறங்கலாம் என்று சர்வதேசத் தரநிலையே இடம் தருகிறது. உணர்திறன் (ஒரே வாட்டுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பது) 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கருக்குப் பாதி வாட் போதும் என்பதையும் கட்டுரையில் விடாமல் சொல்லுங்கள். பலர் வாட்டை மட்டும் பார்க்கிறார்கள்.

டிஜிட்டல் ஒலிக்கும் சொல் செல்கிறது. அலையின் உயரத்தை எண்ணாகக் குறித்துவைக்கும் 16 பிட் பதிவில் 32,767-க்கு மேல் எண் இல்லை, அங்கேயும் தலைதட்டல்தான். வினையாக ‘அலை தலைதட்டுகிறது’, பெயரெச்சமாக ‘தலைதட்டிய அலை’ என எழுத வாட்டமாகவே இருக்கிறது.

ஒரு சிறு வேண்டுகோள்: இந்தக் கட்டுரையில் ‘பெருக்கி’, ‘ஒலிபெருக்கி’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம். எது ஆம்ப்ளிஃபையர், எது ஸ்பீக்கர் என்று வாசகர் தடுமாறுவார்.

மீதமிருப்பது ‘ஹெட்ரூம்’. முகட்டுக்கும் விளிம்புக்கும் இடையே மிஞ்சும் உயரம். ‘தலையறை’ வேண்டவே வேண்டாம். ‘மேல்வெளி’ என்று எழுதிப் பார்த்தேன்: “125 வாட் ஆம்ப்ளிஃபையரை 50 வாட்டில் ஓட்டினால் 4 டெசிபல் மேல்வெளி மிஞ்சும்.” எனக்குப் பிடித்திருக்கிறது. வானவெளியோடு குழம்பும் என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.