ஐ.நா. ஊழியருக்கு மொழி வகுப்பு: தேவையா, தண்டச் செலவா?

ரோன்கரையான்

வணக்கம். ஜெனீவாவில் ஒரு சர்வதேச நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை, கொள்முதல் பிரிவு. போன வாரம் எங்கள் ஊழியர் கூட்டத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. பண நெருக்கடி தீரும்வரை ஊழியருக்கான இலவச மொழி வகுப்புகளைக் குறைக்கலாம், இல்லாவிட்டால் கட்டணம் வாங்கலாம் என்று. இன்னும் முடிவாகவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் உட்பட. அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானிஷ். இதில் அரபு 1973இல்தான் சேர்ந்தது. செயலகத்தின் வேலை மொழிகள் 1946 முதலே ஆங்கிலமும் பிரெஞ்சும். இந்த ஆறையும் ஊழியருக்குக் கற்றுத்தரும் வகுப்புகள் நியூயார்க், ஜெனீவா, வியன்னா, நைரோபி, பாங்காக் என்று பல ஊர்களில் நடக்கின்றன.

நான் வந்து இறங்கியபோது பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. போனில் ஒரு செயலியில் எண்கள் வரைக்கும் படித்து வைத்திருந்தேன். முதல் வாரமே கடையில் பில் போடும் பெண் "நோனாந்த்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. பாரிஸ் பிரெஞ்சில் தொண்ணூறைச் சொல்ல நான்கு இருபதும் ஒரு பத்தும் கூட்டி "கத்ர வான் தீஸ்" என்பார்கள், நான் படித்தது அது. இங்கே தொண்ணூறு "நோனாந்த்", எழுபது "செப்தாந்த்". பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, நான் இருந்த சில்லறை எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன், அவளே எண்ணி எடுத்துக்கொண்டாள். இதை வகுப்பில் சொன்னபோது எங்கள் ஆசிரியை அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு முழு நேரமும் இந்த ஊர்ப் பேச்சையே சொல்லிக்கொடுத்தார். அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் இன்னும் விருந்தாளிதான். இதைப் போய் வெட்டலாமா?

வியன்னா முருகு

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நான் பட்ஜெட் வேலை பார்க்கிறவன், பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகம் இருக்கும் பலே தே நாசியோன் கட்டடத்திலேயே செலவை மிச்சம் பிடிக்க நகரும் படிக்கட்டுகளை நிறுத்தி வைத்தார்கள், உங்களுக்குத் தெரியாததா. 2025 மார்ச்சில் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் 'ஐ.நா. 80' என்ற சீரமைப்பைத் தொடங்கினார், அதன் தொடர்ச்சியாக 2026க்கான வழக்கமான பட்ஜெட்டில் சுமார் 15 விழுக்காடும் பதவிகளில் ஏறக்குறைய 19 விழுக்காடும் குறைக்கச் சொல்லி முன்மொழிவு போனது. பக்கத்து மேசைக்காரர் வீட்டுக்குப் போகப்போகிறார் என்னும்போது நான் ஸ்பானிஷ் வினைச்சொல் படிப்பதற்கு நிறுவனம் பணம் கட்ட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது, கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆட்களுக்கு மொழி சொல்லித்தரும் பயிற்சி நிலையத்தின் மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பேசுகிறவர் பிரெஞ்சில் வேலை பார்க்கும் அளவுக்கு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம். அரபு, சீனம் என்றால் 2200. (நம் தமிழுக்கு 1100 போட்டிருக்கிறார்கள்.) நான் சேர்ந்த வகுப்பு வாரத்துக்கு மூன்று மணி நேரம், பருவத்துக்கு 12 வாரம், வருடத்துக்கு மூன்று பருவம். ஆக வருடத்துக்கு 108 மணி நேரம், அதுவும் ஒரு நாள்கூட விடாமல் போனால். பிரெஞ்சுக்கு ஆறேழு வருடம், அரபுக்கு 20 வருடம். அதற்குள் படிக்கிறவர் மூன்று ஊர் மாறியிருப்பார். பாதியில் நிற்கும் பாலத்துக்குச் சிமெண்ட் ஊற்றுகிற கதைதான் இது. அந்தப் பணத்தில் உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்களை வைத்தால் நாளைக்கே வேலை நடக்கும்.

ரோன்கரையான்

தம்பி, அந்த 600, 2200 எல்லாம் தூதரக அதிகாரி எதிராளியோடு உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்துகிற அளவுக்கு. அந்த அளவை வைத்துக்கொண்டு எல்லோரையும் அளந்தால் உலகத்தில் யாருமே எந்த மொழியும் கற்கவில்லை என்றுதான் ஆகும். முதல் நூறு மணி நேரத்தில் சந்தை, மருத்துவமனை, பிள்ளையின் பள்ளிக்கூடம், ஓட்டுநரிடம் நலம் விசாரிப்பது, இவ்வளவும் வந்துவிடும். எனக்கு வந்தது.

நைரோபி வாசுகி

வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் நான் கொஞ்சம் பேசலாமா. பதினோரு வருடமாக நைரோபியில் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன்.

நீங்கள் இருவரும் வெளிநாட்டிலிருந்து வரும் அதிகாரிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வகுப்பில் பெரும்பாலும் அவர்கள் இல்லை. ஓட்டுநர், காவல் பணியாளர், கிடங்கில் பதிவேடு எழுதுகிறவர், புருண்டியிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்து இங்கே வேலையில் சேர்ந்த எழுத்தர்கள்தான் நிறைய. பொதுச் சேவைப் பிரிவில், அதாவது ஓட்டுநர், எழுத்தர் மாதிரி வேலைகளில், இருப்பவர் வேறொரு அலுவல் மொழியில் தேர்வு எழுதித் தேறினால் மாதாமாதம் மொழிப்படி என்று கூடுதல் பணம் கிடைக்கும். படி ஒரு பக்கம். அதைவிட முக்கியம், மேல் பதவிக்கு விண்ணப்பம் போடும்போது அந்தச் சான்றிதழ்தான் கதவைத் திறக்கும். போன வருடம் ஒரு ஓட்டுநர், ஐம்பதை நெருங்குகிறவர், மூன்றாவது முறையாகத் தேர்வு எழுதினார். வண்டியில் காத்திருக்கும் நேரமெல்லாம் பாடத்தை ஸ்டீயரிங்மேல் வைத்துத்தான் படிப்பாராம், அவருடைய நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் வளைந்த மடிப்பு இருக்கும். அவரிடம் போய் கட்டணம் கட்டு என்று சொல்வது யார்? மேலே இருப்பவர் கைக்காசைப் போட்டுத் தனியாக ஆசிரியர் வைத்துக்கொள்வார், இவர் எங்கே போவார்? குறைப்பது என்று வந்தால் முதலில் விழுகிறவர்கள் இவர்கள்தான் முருகு.

இன்னொன்று, எங்கள் ஊரில் ஆறு மொழியோடு சுவாகிலியும் சொல்லித்தருகிறார்கள். வியன்னாவில் ஜெர்மன், பாங்காக்கில் தாய். ஆகவே ஊர் மொழியை யாருமே கண்டுகொள்வதில்லை என்று யாராவது சொல்ல வந்தால் அது முழு உண்மை இல்லை.

மட்டுநகர் ஜெயா

வாசுகி, நான்தான் அதைச் சொல்ல வந்தது. ஆனால் கோபமில்லை.

நைரோபியிலும் வியன்னாவிலும் ஊர் மொழி படிப்பிப்பது நல்லது. அவை தலைமையகங்கள். நான் கதைப்பது களத்தைப் பற்றி. சனம் வரிசையில் நிற்கிற இடத்தைப் பற்றி.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு மட்டக்களப்பில் வெளிநாட்டு நிவாரண ஆட்கள் வந்து குவிந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் நாள் சம்பளத்துக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பயிற்சி என்று ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நாவலடிப் பக்கம் இருந்து வந்த ஒரு அம்மாவிடம் அதிகாரி கேட்டார், வீட்டில் எத்தனை பேர் என்று. அந்த அம்மா சொன்னா, "ஆறு பேர் இருந்தநாங்க." நான் ஆங்கிலத்தில் "ஆறு" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு அது நூறாவது வீடோ என்னவோ, வெயில், அவர் படிவத்தில் 6 என்று எழுதினார், நாங்கள் அடுத்த ஆளுக்குப் போனோம். இரண்டு மாதம் கழித்துச் சரிபார்க்க வந்தவர்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், பொய் சொல்லி நிவாரணம் எடுத்திருக்கிறார்கள் என்று அட்டையை நிறுத்திவிட்டார்கள். மற்ற நான்கு பேரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த அம்மா பொய்யே சொல்லவில்லை. 'இருந்தநாங்க' என்றுதான் சொன்னா. அந்த இறந்தகாலத்தை விழுங்கியது நான்.

அந்த அதிகாரி மோசமான ஆள் இல்லை. ஸ்பானிஷ் தேர்வில் தேறியவர் என்று பெருமையாகச் சொல்லுவார். முருகு, உங்கள் கணக்குப்படி தமிழுக்கு 1100 மணித்தியாலம். 'இருக்கிறோம்' என்பதற்கும் 'இருந்தோம்' என்பதற்கும் வித்தியாசம் காதில் பட அவருக்கு முப்பது மணித்தியாலம் போதும். அந்த முப்பதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

வியன்னா முருகு

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்ததையே நீங்கள் சொல்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பயிற்சியே இல்லாமல் அந்த இடத்தில் நிறுத்தியதுதான் தவறு. உங்களுக்கு நல்ல சம்பளமும் பத்து நாள் பயிற்சியும் கொடுத்திருந்தால் அந்தச் சொல் விழுந்திருக்காது. காங்கோவில் ஐ.நா. அமைதிப்படை 2010 முதல் இதைத்தானே செய்தது? முகாம்களுக்கு உள்ளூர் ஆட்களைச் சமூகத் தொடர்பு உதவியாளராக வைத்தார்கள். கிழக்கு காங்கோவின் கிவுவில் இருந்த இந்திய, பாகிஸ்தான் சிப்பாய்கள் எல்லோருக்கும் சுவாகிலி சொல்லிக்கொடுத்து முடிக்கிற காரியமா? அங்கே வருடத்துக்கு ஒருமுறை படையே மாறும். ஊர்க்காரர் ஒருவர் கூட இருந்தார், மலைக் கிராமத்தில் என்ன நடக்கிறது என்று முகாமுக்குத் தெரிந்தது. பணம் போக வேண்டிய இடம் அது.

இப்போது போனிலேயே பேச்சை மாற்றிச் சொல்கிற வசதியும் வந்துவிட்டது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

மட்டுநகர் ஜெயா

தொடர்பு உதவியாளர்கள் நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த உதவியாளர் எந்தச் சாதி, எந்தக் குழு, யாருடைய மச்சான் என்பது ஊருக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. அவரைத் தாண்டி ஒரு சொல்கூட விளங்காத அதிகாரி அவர் கையில்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அவர் விட்டதைப் பிடிக்க எதிரில் ஒரு காது வேண்டும் என்கிறேன்.

போன் பற்றி. 2017க்குப் பிறகு நான் வங்காளதேசத்தில் காக்ஸ் பஜாரில், மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா அகதிகளின் முகாமில் வேலை செய்தேன். அங்கே பக்கத்து மாவட்டத்துச் சிட்டகாங் பேச்சு தெரிந்தவர்களைத்தான் மொழிபெயர்க்க எடுத்தார்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்ற நினைப்பில். ஒன்றில்லை. ரோஹிங்யாவில் "கா லாமானி" என்றால் வயிற்றுப்போக்கு. சொல்லுக்குச் சொல் எடுத்தால் உடம்பு இறங்குகிறது என்ற மாதிரி வரும். பக்கத்து மாவட்டத்து ஆளே களைப்பு என்று நினைத்துக்கொள்ளக்கூடிய சொல். வயிற்றுப்போக்கு பரவினால் முகாமே போய்விடும், தெரியும்தானே. முகாமில் நிறையப் பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் அந்த மொழி இருக்கிறது. இதற்குள் போன் எங்கே வரும்? வந்தாலும், தனக்கு நடந்த வன்முறையைச் சொல்ல வந்த ஒரு பெண்ணின் முன்னால் நான் போனை நீட்டமாட்டேன். அவள் குரல் எங்கே போய்ச் சேருகிறது என்று என்னால் அவளுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

ரோன்கரையான்

ஜெயா, நான் இழையைத் தொடங்கியபோது என் பிரெஞ்சு வகுப்பைக் காப்பாற்றும் நினைப்பில்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. இப்போதும் அது தேவை என்றுதான் சொல்கிறேன். ஆனால் களத்துக்குப் போகிறவருக்குப் புறப்படும் முன் அந்த ஊர்ப் பேச்சு முப்பது மணி நேரம், வேலை நேரத்திலேயே, கட்டாயம் என்று ஒரு விதி கேட்டால்? பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் களத்துக்குப் பயண அனுமதி கொடுப்பதில்லை அல்லவா, அதே மாதிரி.

வியன்னா முருகு

அந்தப் பணம் எங்கிருந்து வரும் அண்ணா? கேட்பது எளிது. ஆறு மொழிக்கான ஒதுக்கீட்டிலிருந்து எடுத்தால் நான் ஆதரிப்பேன். கூடுதலாகக் கேட்டால் இந்த வருடம் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

நைரோபி வாசுகி

அங்கேதான் என் ஓட்டுநர் மறுபடி மாட்டுகிறார். ஆறு மொழிக்கான ஒதுக்கீட்டிலிருந்து எடுப்பது என்றால் அவருடைய இருக்கையை எடுப்பது. இதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வேண்டுமானால் பத்து வருடமாக அதே நிலை வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதாமலே போகிற மூத்த அதிகாரிகளிடம் கட்டணம் வாங்குங்கள், என் வகுப்பிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

வியன்னா முருகு

அது நியாயம். அதை எழுத்தில் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் என்பதையும் அதே கடிதத்தில் சேர்க்க வேண்டும், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஜெயா அக்கா, ஒரு கேள்வி, வாதத்துக்காக இல்லை. நீங்கள் ரோஹிங்யா எப்படிக் கற்றீர்கள்? வகுப்பு இருந்ததா?

மட்டுநகர் ஜெயா

வகுப்பு இல்லை. எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வயதான மனுசி இருந்தா, கண் சரியாகத் தெரியாது. பின்நேரம் வேலை முடிந்ததும் அவவுக்குப் பக்கத்தில் போய் இருப்பேன். நான் ஒரு பொருளை அவ கையில் வைப்பேன், அவ தடவிப் பார்த்துப் பேர் சொல்லுவா. கரண்டி, உப்பு, செருப்பு, கயிறு. பிழையாகத் திருப்பிச் சொன்னால் என் காதைப் பிடித்து இழுப்பா. மூன்று மாதம் போனபிறகு ஒருநாள் வெறுங்கையை அவ கையில் வைத்தேன், வேறு பொருள் ஒன்றும் கிடைக்கவில்லை. அவ என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து, தன் பிள்ளைகளின் பேரைச் சொன்னா. ஐந்து பேர். இரண்டு விரலை மடக்கிவிட்டா. அன்றைக்கு எனக்கு ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

கடிதம் எழுதும்போது எனக்கும் அனுப்புங்கள். முப்பது மணித்தியாலத்தில் என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன், முதலில் இறந்தகாலம்.