புதுப்பிப்பு: ராங்லர் ஸ்போர்ட்டா, ரூபிகானா?

ஜீப் ராங்லரின் அடிப்படை வகையான ஸ்போர்ட்டை வாங்கிப் படிப்படியாக மேம்படுத்துவதா, கரடுமுரடான பாதைக்கு வேண்டியதெல்லாம் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வரும் ரூபிகான் வகையை எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன், ரூபிகானையே எடுத்துவிட்டேன். டயரையும் சஸ்பென்ஷனையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் லாக்கர் (ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) பொருத்தவும், 33 அங்குல டயருக்கேற்ப அச்சின் கியர் விகிதத்தை 3.45-லிருந்து 4.10-க்கு உயர்த்தவும் முன், பின் டிஃபரென்ஷியல்கள் (அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் தொகுதிகள்) இரண்டையும் பிரித்தாக வேண்டும். மெதுவாக, அதிக இழுவிசையோடு செல்வதற்கான லோ ரேஞ்சின் கியர் விகிதத்தை 2.72-லிருந்து 4-க்குக் கொண்டுவர, முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டும். உதிரிபாக விலையோடு இந்தக் கூலியையும் சேர்த்தால் ஸ்போர்ட்டின் விலைச் சலுகை கரைந்துவிடுகிறது. பாறைச் சரிவில், பிரேக்கை ஏறக்குறையத் தொடாமலே, ஒவ்வொரு சக்கரமும் கல்லைப் பற்றியபடி வண்டி அங்குலம் அங்குலமாக இறங்குவதைப் பார்த்தபின் எனக்குத் தயக்கமே இல்லை. மண்பாதையோடு நிற்பவர்களுக்கு ஸ்போர்ட்டே தாராளம். சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் வின்ச்சை மட்டும் தனியாகப் பொருத்தவிருக்கிறேன்.