நம் வரலாற்று டீச்சர்: படித்தவர்களும் உடன் பணியாற்றியவர்களும் நேரில் கண்டவை

திரியைத் தொடங்கியவர், முன்னாள் மாணவி

சென்ற மாதம் மறைந்த நம் வரலாற்று ஆசிரியையைப் பற்றி, அவரிடம் படித்தவர்களும் அவருடன் பணியாற்றியவர்களும் தாம் நேரில் கண்டதை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். புகழுரை அவருக்கு ஆகாது என்பது நமக்குத் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுவோம். நம் பள்ளியில் அன்று ஆலோசகர் என்றொரு பதவி கிடையாது. வகுப்புகளை முடித்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் அவர் தாமாக எடுத்துச் செய்த வேலை அது.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில், விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலத்தில் நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அப்பா என்னை வண்டியில் ஏற்றவில்லை. பள்ளியை நிறுத்தி, வீட்டிலேயே பெட்டி ஒட்ட உட்கார வைத்தார். நான்காம் நாள் மாலை டீச்சர் வந்தார். திண்ணையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து, பசைக் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, அரைமணி நேரம் பள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் பெட்டி ஒட்டினார். ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, என்ன கூலி, நான் ஒரு நாளில் எத்தனை குரோசு ஒட்டுகிறேன் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு அப்பாவிடம், “அண்ணாச்சி, இவ ஒட்டுறதுல பாதிய ராத்திரி எட்டு மணிக்குள்ள முடிச்சிருவா. பகல மட்டும் எனக்குக் குடுங்க” என்றார்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் உதவியோடு வீட்டில் நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்திருந்ததால், எங்கள் திண்ணையில் சட்டத்தைக் காட்டி அவரால் எதுவும் செய்திருக்க முடியாது. அப்படிப் பாதிக்குப் பாதி பேரம் பேசியது சரியா என்று பின்னாளில் சிலர் கேட்டதுண்டு. பகல் கிடைத்தவள் நான். எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

முன்னாள் மாணவி, இப்போது செவிலியர்

எங்கள் ஊருக்குத் தீப்பெட்டி வண்டிக்குப் பதிலாக நூற்பாலைத் தரகர் வந்தார். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதை வைத்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்ற, ‘சுமங்கலித் திட்டம்’ என்று எல்லோரும் அறிந்திருந்த ஏற்பாடு அது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே அப்பா தலையாட்டிவிட்டார். டீச்சர் அவரிடம் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசவேயில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாயும் பட்டமோ பட்டயமோ பெற்றவளுக்கு 50,000 ரூபாயும், இரண்டுக்கும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் 2011 முதல் கிடைப்பதை ஒரு தாளில் எழுதி, ஆலையில் இருந்து ஊருக்கு வந்து போகும் செலவு, உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டால் கைக்கு வராத தொகை ஆகியவற்றை எதிர்ப்பக்கத்தில் எழுதிக் காட்டினார். “கல்யாணத்துக்குக் காசுங்கிற பேச்சே எனக்குப் பிடிக்காது. ஆனா உங்க அப்பாவுக்குப் பிடிபடுற கணக்கு அதுதான்” என்று திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார். 2022இல் அத்திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று ஆனபோது நான் அவரை அழைத்துச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார்.

பெயர் வேண்டாம்

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நடந்தபடி எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நான் அழுதுகொண்டே சொன்ன ஒரு செய்தியை அவர் மறுநாளே என் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவிடமிருந்து அது அப்பாவுக்குப் போனது. நான் வாங்கிய அடியின் தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. அதன்பின் பள்ளி முடியும்வரை நான் அவரிடம் பேசவில்லை. என் திருமணத்துக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பேருந்து நிலையத்தில் கண்டபோது, நான் விலகிப் போவதற்குள் அவரே வந்து, “உன் விஷயத்துல நான் செஞ்சது தப்பும்மா” என்றார். அம்மாவுக்கு நல்லதென்று நினைத்தேன், காலம் அப்படி என்றெல்லாம் அவர் காரணம் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேனா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. இரங்கலுக்கு மட்டும் போய் வந்தேன்.

உடன் பணியாற்றியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்

மேலே எழுதிய அம்மாவுக்கு: உங்கள் பெயரை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் ஏதோ ஒன்று நடந்ததை நான் அறிவேன். ஏனெனில் ஒரு பருவத்தில் அவர் வழக்கம் மாறியது. அதுமுதல் எந்தப் பிள்ளை வந்து அமர்ந்தாலும், அது வாய் திறப்பதற்கு முன்பே, எதைத் தம்மோடு வைத்துக்கொள்ள முடியும், எதை முடியாது, யாரிடம் சொல்ல நேர்ந்தாலும் அதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டே சொல்வேன் என்று விளக்கிவிடுவார். 2012இல் போக்சோ சட்டம் வந்து, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் புகாரளிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது என்றானபோது மற்ற ஆசிரியர்கள் பதறினோம். அவருக்கு மட்டும் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

தேர்வு முடிவு நாளில் அவர் தோற்ற பிள்ளைகளின் வீடுகளுக்குத்தான் முதலில் போவார், துணைத் தேர்வு விண்ணப்பத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு. மாநில முதலிடம் அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியபோது அவர் ஓய்வில் இருந்தார், ஆனாலும் மகிழ்ந்தார்.

முன்னாள் மாணவி, மதுரை

அவருடைய மேசை இழுப்பறையில் நீல அட்டைக் குறிப்பேடுகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றை யாராவது பாதுகாத்திருந்தால், பெயர்களை மாற்றி ஒரு நூலாக வெளியிடலாமே?

உடன் பணியாற்றியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்

ஒன்றும் மிஞ்சவில்லை, அம்மா. ஓய்வு பெற்ற நாளில், பிரிவு விழாவுக்கு மாலை வந்து சேர்வதற்குள், அவரும் நானும் அத்தனையையும் சுமந்துபோய்ச் சத்துணவுக் கூடத்து அடுப்பில் போட்டோம். ஒவ்வொன்றாக அவரே போட்டார். சமையலம்மா உலை கொதிக்கட்டும் என்று விறகைத் தள்ளிவைத்துக்கொண்டார்.