கறுத்துப்போன கவசங்கள்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு நான் போனது எகிப்து மம்மிகளைப் பார்க்கத்தான். கூட வந்தவருக்குக் கால் வலி. உட்கார இடம் தேடி நுழைந்த கூடத்தில் ஷாநாமா ஏடுகள் மாட்டியிருந்தன. ஷாநாமா என்பது பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி பாடிய, மன்னர்களின் காவியம். இரானின் தப்ரீஸ் நகரில் 1520-களில் மன்னர் ஷா தஹ்மாஸ்ப்புக்காகத் தயாரான பிரதி அது. மொத்தம் 258 ஓவியங்கள். பின்னாளில் வாங்கிய அமெரிக்கர் அதை ஏடு ஏடாகப் பிரித்துவிட்டார். 78 ஓவியங்கள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. (அந்தக் கதையை எடுத்தால் வயிற்றெரிச்சல்தான், விடுங்கள்.) வெளிச்சத்தில் நிறம் போய்விடும் என்பதால் சிலவற்றை மட்டும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

அன்று இருந்ததில் ஒன்று போர்க்களம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாறைகள் ஊதாவும் இளஞ்சிவப்புமாக இருக்கின்றன, ஆகாயம் முழுக்கப் பொன். வெட்டுப்பட்டு விழுந்தவன் முகத்தில் தூங்குகிறவனின் அமைதி. குதிரைக் குளம்புகளுக்கு நடுவே பூச்செடிகள், ஒன்றுகூட மிதிபடவில்லை! “இதென்ன சண்டை, கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கு” என்றேன்.

கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. இத்தனை நிறத்துக்கு நடுவே வாட்களும் சில கவசங்களும் மட்டும் கரி பூசினாற்போல இருந்தன. ஓரத்தில் ஓடும் ஓடையும் கறுப்பு. பக்கத்தில் ஒரு குழுவுக்கு விளக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் கேட்டேன். அதெல்லாம் வெள்ளியாம். நிஜ வெள்ளியை அரைத்துத் தீட்டியது, காற்றுப் பட்டுப்பட்டுக் கறுத்துவிட்டது. நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கென்றால் விபூதி போட்டுத் தேய்த்துவிடலாம், காகிதத்தை என்ன செய்வது? பொன் மட்டும் நேற்றுப் பூசியது போல அப்படியே இருக்கிறது.

அப்புறம் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். ஷா இந்த ஏட்டை மடியில் வைத்து விளக்கருகே சாய்த்துப் பார்த்தபோது ஒவ்வொரு வாளும் பளீரிட்டிருக்கும். அந்த மினுக்கத்தை நம்பித்தான் ஓவியர் ரத்தத்தைக் குறைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. மம்மி பார்க்க நேரமே இல்லை.

* * *

மேலே எழுதியவருக்கு வாள் என்றால் எனக்குக் குதிரை. ஷாநாமாவின் நாயகன் ருஸ்தம், எதிரி வீரன் அஷ்கபூஸோடு போடும் சண்டையை நான் இணையத்தில்தான் பார்த்தேன், வேறு வேறு காலத்துப் பிரதிகளில். ருஸ்தமின் குதிரை ரக்ஷ் களைத்துக் கிடப்பதால் அவன் நடந்தே களத்துக்கு வருகிறான். குதிரை எங்கே என்று எதிரி கேலி செய்கிறான். பதிலுக்கு முதல் அம்பு அஷ்கபூஸின் குதிரைக்கு. “உன் தோழனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்” என்று ருஸ்தம் சிரிப்பதாக ஃபிர்தௌசி பாடுகிறார். அடுத்த அம்பு அஷ்கபூஸின் மார்பில்.

வென்றவன் முகமும் செத்தவன் முகமும் ஒரே மாதிரி சாந்தமாக இருக்கும். அதனால் நான் முதலில் தேடுவது குன்றுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் வீரர்களை. வியப்பில் விரலை உதட்டில் வைத்தபடி யாராவது ஒருவன் இருப்பான். அவன் ருஸ்தமைப் பார்த்து வியக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, குதிரை பாவம் என்று பார்க்கிறான் என்கிறாள் என் மகள்.