கறுப்பினத் தாய்மார்களுக்கென்று தனி உதவி தேவையா?

மேப்பிள்மரம்:
இங்கே அமெரிக்காவில், எங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர் அரசுக் கல்லூரியில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் கறுப்பினத் தாய்மார்களுக்கு மட்டும் ஓர் உதவித் திட்டம் வரப்போகிறதாம். ஏழ்மைக்கு நிறம் உண்டா என்ன? இதே கஷ்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோ மெக்சிகோப் பெண்ணோ வந்து நின்றால் என்ன சொல்லி அனுப்புவார்கள்? ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் என்ற உதவிப் பணமே வருடத்துக்கு 7,395 டாலர் வரை கிடைக்கிறது, எங்கள் காலேஜ் ஃபீஸ் அதைவிடக் குறைவு.

இரவுலேப்:
ஃபீஸா பிரச்சினை? நான் இப்படி ஒரு காலேஜில்தான் மாலை நேர உயிரியல் லேப் எடுக்கிறேன். முடிய 8.40 ஆகும், வளாகத்து டே கேரை 6 மணிக்கே பூட்டிவிடுவார்கள். போன செமஸ்டரில், நர்சிங் சேரவேண்டும் என்று வந்த ஒரு கறுப்பின மாணவி, ஐந்து வயது மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து போனைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். லேப்புக்குள் குழந்தையை விடக்கூடாது என்று விதி, நானும் விடவில்லை. பத்து நிமிடத்துக்கொரு தடவை கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்க் கதவுக் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து புதுசு மாட்டுவார். ஆறாவது வாரத்தோடு நின்றுவிட்டார்.

கடைசிபெஞ்ச்:
பாவம்தான். ஆனால் எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ள முடியுமா? என் அம்மா தையல் மெஷினை வைத்தே எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கினார், யாரிடமும் கை நீட்டியதில்லை.

ஊர்சுற்றி:
அம்மா தைக்கும்போது உங்களைப் பார்த்துக்கொண்டது யார்?

கடைசிபெஞ்ச்:
பாட்டி. அதனால்?

ஊர்சுற்றி:
அந்தப் பாட்டி இல்லாத வீட்டைப் பற்றித்தான் பேச்சு. அப்புறம், அரசாங்கம் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 1996இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டப்படி, ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகை வாங்கும் தாய் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை பார்த்ததாகக் கணக்குக் காட்டவேண்டும். தொழிற்படிப்பை வேலையாகச் சேர்த்துக்கொள்வது 12 மாதத்துக்குத்தான். கம்யூனிட்டி காலேஜ் தரும் அசோசியேட் பட்டத்துக்கோ இரண்டு வருடம். மீதி ஒரு வருடத்துக்கு பர்கர் கடையில் நின்றபடியே படிக்கவேண்டியதுதான்.

மேப்பிள்மரம்:
இதெல்லாம் எல்லா ஏழைத் தாய்க்கும் பொருந்தும், நிறம் எங்கே வந்தது?

இரவுலேப்:
2015-16 கணக்குப்படி, கல்லூரியில் படித்த கறுப்பினப் பெண்களில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பேர் தாய்மார்கள். டே கேர் பூட்டினால் அதிகம் அடிபடுவது யார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மேப்பிள்மரம்:
அப்படியென்றால் டே கேரைச் சரிசெய்யுங்கள், பலன் தானாக அவர்களுக்குப் போகும். இனம் பார்த்துச் சேர்க்கை கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது சேர்க்கைக்கு மட்டும்தானே என்பீர்கள், ஆனால் பெயரில் இனத்தை வைத்தால் எவராவது வழக்குப் போட்டு முழுத் திட்டத்தையும் கவிழ்த்துவிடுவார். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய அசாப் திட்டத்தைப் பாருங்கள்: இலவசப் பஸ், ரயில் கார்டு, புத்தகம், விடாமல் கூப்பிட்டுப் பேசும் ஓர் ஆலோசகர். ஓர் ஆய்வில், அதில் சேர்ந்து மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் 40 சதவீதம், திட்டத்தில் இல்லாதவர்களில் 22தான். நிறம் கேட்கவில்லையே.

இரவுலேப்:
நல்ல திட்டம்தான், ஆனால் ஆய்வு நடந்தபோது முழுநேரம் படித்தவர்களுக்குத்தான் அது. பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஒரு பாடம் எடுக்கும் என் மாணவிக்கு அதில் இடமே கிடையாது.

மேப்பிள்மரம்:
சரி, அதை நான் யோசிக்கவில்லை. டே கேரை 9 மணி வரை திறந்து வைக்கட்டும், அதற்கு என் வரியைக் கூட்டினாலும் சம்மதம். பெயரில் இனம் மட்டும் வேண்டாம்.

ஊர்சுற்றி:
கவுண்டி கூட்டத்தில் வந்து இதைச் சொல்வீர்களா?

கடைசிபெஞ்ச்:
ராத்திரி 9 மணி வரை எந்த ஆயா இருப்பார்? அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்குமே!