ஃப்ளூ தேறிய அம்மாவுக்கு ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போகிறது, கருப்புப் பூஞ்சையாக இருக்குமா?

மணப்பாறை மகள்:
அம்மாவுக்கு 58 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் ஃப்ளூ நெஞ்சில் இறங்கி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆக்சிஜன் வைத்து ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகும் ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறது. மூன்று நாளாக வலது கன்னம் மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார். மூக்கும் அந்தப் பக்கம் மட்டும்தான் அடைப்பு. சளிதான், ஆவி பிடித்தால் போய்விடும் என்று சித்தி சொல்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. கருப்புப் பூஞ்சை கொரோனா வந்தவர்களுக்கு மட்டும்தானே வரும்? திங்கட்கிழமை வரை பார்க்கலாமா?

வைகைக்கரை:
வேண்டாம்மா, இன்றைக்கே கிளம்புங்கள். நாங்கள் நான்கு நாளை வீணாக்கினவர்கள்.

2021 மே மாதம், இரண்டாம் அலை. அப்பா கொரோனாவிலிருந்து மீண்டு வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் மேல்பல் வலி என்றார். சொத்தையாக இருக்கும் என்று மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்து, "ரெண்டு பல்லு சேர்ந்தாப்ல ஆடுதுடா" என்றார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். அண்ணத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கருப்பு. அன்று சர்க்கரை 412.

கருப்புப் பூஞ்சைதான். மேல்தாடையில் பாதியை எடுத்தார்கள். கண்ணுக்குப் போகவில்லை. அப்புறம் பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்கு அலைந்தோம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கு. அப்பா 60 கிலோ, ஒரு குப்பியில் 50 மில்லிகிராம்தான். நாளுக்கு ஆறு குப்பி. எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லாத நேரம் அது. நாடு முழுக்க ஜூன் கடைசிக்குள் 40,000 பேருக்கு மேல் வந்துவிட்டது, எங்கே கிடைக்கும்? அந்த ஊசியை உப்பு நீரில் கலக்கக் கூடாது, டெக்ஸ்ட்ரோஸில்தான் கலப்பார்கள். சர்க்கரை நோயாளிக்குள் சர்க்கரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்சுலினை அதற்கேற்ப ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

நைட் ஷிஃப்ட் அக்கா:
ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். கொரோனாவுக்கு மட்டும் என்பது தவறு. இந்தப் பூஞ்சை மண்ணிலும் மக்கிய இலையிலும் சாணத்திலும் இருக்கிறது. அதன் வித்துகளை எல்லோருமே மூச்சில் இழுக்கிறோம். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் உடம்பால் அதைத் தடுக்க முடிவதில்லை. கொரோனாவுக்கு முன்பே நம் ஊரில் சர்க்கரை நோயாளிகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்று. பூஞ்சை கருப்பு இல்லை. அது ரத்தக் குழாயை அடைக்க, சதை செத்துக் கருப்பாகிறது. கருப்பு தெரியட்டும் என்று காத்திருந்தால் தாமதம். ஒரு பக்க மரத்துப்போதல், பல் ஆட்டம், இமை வீக்கம், இரட்டையாகத் தெரிவது, இவைதான் முன்னால் வரும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் மூக்கினுள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் திசு எடுத்து, அதில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கும் கேஓஎச் டெஸ்டுக்கு அனுப்புவார்கள்.

பயத்தில் ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். ஃப்ளூவுக்குப் பிறகு ஆஸ்பர்ஜிலஸ் என்ற வேறொரு பூஞ்சை நுரையீரலில் வருவதும் உண்டு. காய்ச்சல் திரும்பினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

மணப்பாறை மகள்:
நேற்று இரவே திருச்சிக்குக் கூட்டிப்போனோம். சர்க்கரை 386. மூக்கினுள் ஓரிடம் வெளிறி இருந்தது. திசுவில் பூஞ்சை இழை தெரிகிறதாம். ஸ்கேனில் கண்ணுக்குப் போகவில்லை. நாளை காலை ஆபரேஷன். ஊசி இங்கேயே இருக்கிறது.

வைகைக்கரை:
நல்ல நேரத்தில் போயிருக்கிறீர்கள். ஊசி ஏறும்போது குளிர் நடுக்கம் வரலாம், பயப்படாதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ரத்தத்தில் பொட்டாசியமும் எவ்வளவு என்று தினமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்பாவுக்கு மூன்றாம் நாளே பொட்டாசியம் இறங்கிவிட்டது. இப்போது செயற்கை அண்ணம் மாட்டிக்கொண்டு இட்லி சாப்பிடுகிறார்.

மணப்பாறை மகள்:
நோட்டு வாங்கிவிட்டேன் அண்ணா. அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்தன்று போட்டது, திருகு இறுகிப்போயிருந்தது. ஒரு நர்ஸ் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு அரை மணி நேரம் பொறுமையாகக் கழற்றிக் கொடுத்தார். என் பர்ஸில் வைத்திருக்கிறேன்.