பசில் பொம்மை கொடுத்தால் போதுமா, நாயின் மூளைக்கு வேறு வேலை வேண்டுமா?

மாடிவீட்டு மணி:

நாய் வளர்ப்பவர்கள் எங்கே கூடினாலும் இப்போது இதே பேச்சுதான். "நாய்க்கு போரடிக்கிறது, அதன் மூளைக்கு வேலை கொடுங்கள், உள்ளே ஒளித்த உணவை நாயே யோசித்து எடுக்க வைக்கும் ஒரு பசில் பொம்மை வாங்குங்கள்." கூடவே ஒரு கணக்கும் வரும்: 15 நிமிடம் பசில் விளையாடினால் ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமமாம். யார் அளந்த கணக்கு இது? எந்த வயது நாயிடம், எந்த இனத்திடம், எதை வைத்து அளந்தார்கள்? கேட்டால் "எல்லாரும் சொல்கிறார்கள்" என்பதுதான் பதில்.

பொம்மையோடு எனக்குச் சண்டை இல்லை. பொம்மையைக் காட்டி நடையைக் குறைக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு லேப்ரடார் இருக்கிறது. உருட்டினால் உணவு சிந்தும் பந்து, உணவைத் தடவி நக்க வைக்கும் லிக் மேட், மூடியைத் தள்ளித் திறக்கும் பலகை என்று அதற்கு எல்லாம் உண்டு. வெளியே கூட்டிப்போவதுதான் அபூர்வம். பலகையை மளமளவென்று காலி செய்துவிட்டு நேரே வாசல் கதவுக்குப் போய், கீழ் இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துக்கொள்ளும். அந்த இடுக்கில் வரும் காற்றை இழுத்து இழுத்து முகரும்போது அதன் மூக்கு துடிப்பது நன்றாகத் தெரியும். அதற்கு என்ன வேண்டும் என்று அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

மூடி தள்ளும் பலகை முதல் சில தடவைதான் புதிர். அப்புறம் அது மனப்பாடம். தட்டில் போட்டுக் கொடுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஜூலி வீடு:

மணி சார், நடையைக் குறைக்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டில் போடுவதும் தேடி எடுக்க வைப்பதும் ஒன்று என்கிறீர்களே, அதை ஏற்க முடியாது.

1963-ல் க்ளென் ஜென்சன் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கிண்ணத்தில் உணவு சும்மாவே கிடைத்தது. பக்கத்திலேயே ஒரு நெம்புகோல், அழுத்தினால் அதிலும் உணவு வரும். சும்மா கிடைப்பது கண்ணெதிரே இருந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உழைத்துச் சாப்பிட்டன. பிற்பாடு வேறு பல விலங்குகளிடமும் இதைப் பார்த்தார்கள்.

நாய்களை வைத்தே சொல்ல வேண்டுமென்றால், 2014-ல் சுவீடனில் பீகிள் நாய்களிடம் நடந்த ஆய்வு இருக்கிறது. ஒரு கருவியை இயக்கக் கற்றுக்கொண்டு, தன் செயலால் பரிசை அடைந்த நாய்கள் வாலை அதிகம் ஆட்டின, துறுதுறுவென்று இருந்தன. அதே பரிசு, தான் செய்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் கிடைத்த நாய்களிடம் அந்த உற்சாகம் இல்லை. கையில் வந்த பண்டம் ஒன்றுதான், "நானே சாதித்தேன்" என்பதுதான் கூடுதல்.

எங்கள் ஜூலி கலப்பினம். காலையில் நாங்கள் கிளம்பிய பிறகு சில மணி நேரம் தனியாக இருப்பாள். கடையில் வாங்கியது என்று எதுவும் இல்லை. பழைய துண்டில் உலர் உணவைத் தூவி, சுருட்டி, நடுவில் தளர்வாக ஒரு முடிச்சு போட்டு வைப்பேன். அவள் அதை அவிழ்ப்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் நீளவாக்கில் முகர்ந்து எந்த மடிப்பில் அதிகம் இருக்கிறது என்று பார்ப்பாள். ஒரு முன்னங்காலால் நுனியை அமுக்கிக்கொண்டு, முன்பற்களால் முடிச்சின் மேல் மடிப்பை மட்டும் இழுப்பாள். வரவில்லை என்றால் துண்டைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். முன்பு நாற்காலிக் கால்களைக் கடித்துக் குதறியவள் இப்போது துண்டை முடித்துவிட்டு நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். இதை மனப்பாடம் என்று எப்படிச் சொல்வது?

மாடிவீட்டு மணி:

நீங்கள் காட்டும் ஆய்வு என் பக்கம்தானே பேசுகிறது? அந்த பீகிள்கள் துள்ளியது புதிதாக ஒன்றைக் கற்று அதில் ஜெயித்ததால். வருடக்கணக்கில் ஒரே பலகையின் ஒரே மூடியைத் தள்ளியதால் இல்லை. உங்கள் துண்டு முடிச்சு தினமும் கொஞ்சம் மாறுகிறது, அதனால் வேலை செய்கிறது. கடைப் பொம்மை அப்படி மாறாது. ஒன்று பழகியதும் அடுத்தது வாங்க வேண்டும், அது பழகியதும் இன்னொன்று. வியாபாரம் ஓடுவதே அதில்தான்.

மோப்ப வாத்தியார்:

நாய்களுக்கு மோப்ப விளையாட்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாயின் மூளைக்கு வேலை என்றால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. மூடியைத் தள்ளுவது, நெம்புகோலை இழுப்பது எல்லாம் கையும் கண்ணும் பிரதானமான நமக்குத் தோன்றிய புதிர்கள்.

2019-ல் சார்லட் துராந்தோன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டு நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு வாரம் மோப்பத் தேடல். இன்னொன்றுக்கு அதே இரண்டு வாரம் உரிமையாளரின் பக்கத்திலேயே ஒட்டி நடக்கும் பயிற்சி. முன்னும் பின்னும் ஒரு கிண்ணச் சோதனை: ஒரு மூலையில் வைத்தால் எப்போதும் உணவு இருக்கும், எதிர் மூலையில் வைத்தால் எப்போதும் காலி. நடுவில் வைத்தால்? மோப்பம் பழகிய நாய்கள், பயிற்சிக்கு முன்பு போனதை விட வேகமாக நடுக் கிண்ணத்தை நோக்கிப் போயின. "நல்லதே இருக்கும்" என்ற எதிர்பார்ப்போடு போயின என்று பொருள். ஒட்டி நடந்த குழுவில் அந்த மாற்றம் இல்லை. இரண்டு குழுவுக்கும் ட்ரீட் கிடைத்தது, இரண்டுக்கும் உரிமையாளரோடு நேரம் கிடைத்தது. மூக்கைத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தும் சுதந்திரம் ஒரு குழுவுக்குத்தான் கிடைத்தது.

வீட்டில் ஆரம்பிக்க மூன்று நான்கு அட்டைப்பெட்டி போதும். பெட்டியில் ஸ்டேப்ளர் பின்னும் பிளாஸ்டிக் டேப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றில் ட்ரீட்டைப் போட்டு "தேடு" என்று விடுங்கள். கண்டுபிடித்ததும் அதே பெட்டியிலேயே இன்னும் இரண்டைப் போடுங்கள். "இங்கே வந்தது சரி" என்று அந்த இடத்திலேயே அதற்குப் புரிய வேண்டும். பிறகு நாய் பார்க்காதபோது ஒளியுங்கள். அப்புறம் தரையிலிருந்து நாற்காலி உயரம், அடுத்த அறை, கடைசியில் வெளியே.

இதில் பலரும் கெடுப்பது ஒரே இடத்தில்தான். நாய் தடுமாறியதும் விரலை நீட்டிக் காட்டிவிடுகிறார்கள். புடாபெஸ்டில் மிக்லோஷி குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், திறக்க முடியாத பெட்டியைக் கொடுத்தபோது நாய்கள் சீக்கிரமே மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்கள் பெட்டியோடேயே மல்லுக்கட்டின. நம் நாய் நம்மிடம் உதவி கேட்கும் பிராணி. அது அழகான குணம்தான், ஆனால் பார்த்த உடனே நீங்கள் காட்டிக்கொடுத்தால் தேடுவதை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே படித்துக்கொண்டிருக்கும். அசையாமல் நில்லுங்கள். ரொம்ப நேரம் தவித்தால் அடுத்த சுற்றைச் சுலபமாக்குங்கள்.

ஓடவிடுங்க:

என்னிடம் இருப்பது ஷெப்பர்ட். பெட்டி, துண்டு எல்லாம் அதற்குப் போதாது. தினமும் மைதானத்தில் பந்து எறிகிறேன், நாக்கு தொங்கும்வரை ஓடுகிறது, வந்து தூங்குகிறது. இதை விட என்ன வேண்டும்?

மோப்ப வாத்தியார்:

ஓட்டம் கட்டாயம் வேண்டும் சார். ஒரே மாதிரி பந்து எறிந்துகொண்டே இருப்பதுதான் பிரச்சினை. ஒவ்வொரு தடவையும் முழு வேகம், திடீர் பிரேக், உடம்பைத் திருகித் திரும்புதல். மூட்டுக்கும் தசைக்கும் அது பாரம். அதோடு நாய் வேலையும் சிந்தனையும் இல்லாமல் வெறும் பரபரப்பில் மாட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் பந்தை வைத்த அலமாரியையே பார்த்துக்கொண்டு முனகுகிறதா என்று கவனியுங்கள்.

பந்தை விட வேண்டாம். உட்கார வைத்து எறியுங்கள், உருண்டு நின்ற பிறகு "போ" சொல்லுங்கள். அல்லது உயரமான புல்லில் போட்டுத் தேட விடுங்கள். லேசர் விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பிடிக்க ஒன்றுமே இல்லாததைத் துரத்தப் பழகிய நாய்கள் சுவரில் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் விடாமல் துரத்தும் நிலைக்குப் போவதுண்டு. அதிலிருந்து மீட்பது கஷ்டம்.

ஓடவிடுங்க:

தேட விடும் யோசனை நல்லா இருக்கு, செய்து பார்க்கிறேன். ஆனால் பந்து மூளையை மழுங்கடிக்கும் என்பது போல் பேசுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சேசர் என்ற பார்டர் கோலி இன நாயைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் வளர்த்தது. 1,022 பொருட்களின் பெயரைக் கற்றது என்று 2011-ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. அதற்குக் கிடைத்த பரிசு பெரும்பாலும் தின்பண்டம் இல்லை, விளையாட்டும் பாராட்டும்தான். நீங்கள் எல்லாரும் வயிற்றை வைத்தே பேசுகிறீர்கள். உணவைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காமல், பந்துக்காக எதையும் கற்கும் நாய்களும் உண்டு.

மோப்ப வாத்தியார்:

சேசர் நல்ல உதாரணம். பொம்மையின் பெயரைச் சொல்லிக் கொண்டுவரச் சொல்லும் விளையாட்டை யாரும் தொடங்கலாம். முதலில் ஒரே பொம்மை, ஒரே பெயர். அது நன்றாகப் பதிந்த பிறகுதான் இரண்டாவது.

டாமி தாத்தா:

மணி சார், நடையை வைத்தே எல்லாவற்றையும் அளக்கிறீர்கள். எங்கள் டாமிக்கு வயதாகிவிட்டது. இடுப்பு மூட்டு தேய்ந்து, டாக்டர் நடையை வெகுவாகக் குறைக்கச் சொல்லிவிட்டார். நடையைத் தவிர எல்லாம் சாக்கு என்றால், இவனை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டுமா?

நார்ட்டன் மில்கிராம் குழு வயதான பீகிள்களை இரண்டு வருடம் கவனித்து 2005-ல் எழுதியதைப் பாருங்கள். சத்துள்ள உணவோடு மூளைக்கும் உடம்புக்கும் வேலை கிடைத்த கிழட்டு நாய்கள், இரண்டும் கிடைக்காதவற்றை விடக் கற்றலில் மேலாக இருந்தன.

நான் செய்வது இதுதான். துணி இழைகளுக்கு நடுவே உணவைத் தூவி முகர்ந்து தேட வைக்கும் ஸ்னஃபிள் மேட்டைத் தரையில் போடுவதில்லை. தாழ்வான ஸ்டூலில் வைக்கிறேன், அவன் குனிய வேண்டியதில்லை. வழுக்காமல் இருக்கக் காலடியில் ரப்பர் விரிப்பு. வெளியே போய் வரும்போது காய்ந்த இலை, மரப்பட்டை, கொஞ்சம் புல் என்று ஒரு காகிதப் பையில் கொண்டு வருவேன். பூச்சிமருந்து அடித்த இடம் என்றால் தொடமாட்டேன். பையின் வாயைத் திறந்து முன்னால் வைத்தால் தலையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக முகர்வான். பாதியில் நிறுத்தி ஒரு இலைக்கே திரும்பிப் போவான். எந்த நாய் அதன்மேல் என்ன செய்தி எழுதிவிட்டுப் போனதோ! அந்த நேரத்தில் அவன் காது நிமிர்ந்திருப்பதைப் பார்த்தால், இது நடைக்கு ஈடா இல்லையா என்று கேட்கவே மனம் வராது.

மாடிவீட்டு மணி:

டாமி அண்ணா, நீங்கள் செய்வதற்குக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நோயாளி நாய்க்கும், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் நாய்க்கும் இதெல்லாம் வேண்டும்தான். நான் திட்டுவது நன்றாக நடக்கக்கூடிய நாயை அடைத்து வைப்பவர்களை.

ஆனால் நீங்கள் சொன்ன பீகிள் ஆய்வில் கொடுத்தது பொம்மை மட்டும் இல்லை. கூடுதல் நடை, துணைக்கு இன்னொரு நாய், கற்றல் பயிற்சி எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பலன். அதிலிருந்து பொம்மையை மட்டும் பிரித்து எடுத்து விற்க முடியாது.

நடை என்று நான் சொல்வது தரதரவென்று இழுத்துக்கொண்டு போவதையும் இல்லை. நீளமான லீஷ், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. நாய் ஒரு கம்பத்தடியில் நின்றால் நீங்களும் நில்லுங்கள், அது முடித்து நகரும்வரை. தூரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். வாத்தியார் சொன்ன மூக்கு வேலை அத்தனையும் அதில் இருக்கிறது, எந்தப் பெட்டியும் அடுக்க வேண்டாம்.

ஜூலி வீடு:

நிற்கும் இடத்தில் நிற்பது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் வீட்டில் தனியாக இருக்கும் மணி நேரங்களுக்கு உங்களிடம் பதில் இல்லை மணி சார். நடையைக் காலையில் முடித்துவிட்டு நாம் கிளம்பிப் போய்விடுகிறோம். மீதி நேரம்?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று. முதல் தடவை எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எடுப்பதை விட்டுவிட்டுக் குரைக்கிறது, அட்டையைக் கிழித்து விழுங்குகிறது, நீங்கள் கிட்டே போனால் உறுமுகிறது என்றால் அந்த விளையாட்டு கடினமாகிவிட்டது அல்லது அந்த நாய்க்கு ஒத்துவரவில்லை. துணியை விழுங்கும் பழக்கம் உள்ள நாய்க்குத் துண்டு முடிச்சு கூடவே கூடாது. இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறை. லிக் மேட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பு இருக்கிறதா என்று படியுங்கள், கொஞ்சம் போனாலும் நாய்க்கு விஷம். பொம்மையில் போகும் உணவை அன்றைய தட்டிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடை ஏறும்.

வாத்தியாரிடம் ஒரு கேள்வி. என் தங்கை வீட்டு நாய், அவள் இருக்கும்போது துண்டு முடிச்சை ஆசையாக அவிழ்க்கிறது. அவள் வெளியே போனால் தொடுவதே இல்லை. திரும்பி வந்ததும் அள்ளிச் சாப்பிடுகிறது. இன்னும் ருசியான எதையாவது வைக்கலாமா?

மோப்ப வாத்தியார்:

வேண்டாம் மேடம். அது போரடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை, பயமாக இருக்கலாம். தனிமையில் பதறும் நாய் பிடித்த உணவைக்கூடத் தொடாது, ஆள் வந்து பதற்றம் இறங்கிய பிறகுதான் பசியே தெரியும். அதற்கு ருசியைக் கூட்டிப் பலன் இல்லை. சில நாய்கள், இந்தத் துண்டு வந்தாலே ஆள் கிளம்பப்போகிறார் என்று பழகி, அதைப் பார்த்ததுமே நடுங்கத் தொடங்கும்.

பழைய போன் ஒன்றைக் கேமராவாக வைத்து, அவர் கிளம்பிய பிறகு முதல் அரை மணி நேரத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பது, ஊளை, மூச்சிரைப்பு, எச்சில் வடிவது, கதவைப் பிறாண்டுவது, இதில் எது இருந்தாலும் அந்தப் பதிவோடு கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை முடிந்தவரை தனியாக விடாமல் இருப்பது நல்லது. துண்டு முடிச்சை அவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.